போர்டக்காவின் வலது முழங்கை

அந்த வணிக வளாகத்தில் படியேறி இரண்டாவது மாடிக்கு வந்து இடது பக்கம் திரும்பினால் ஆறாவது கடை. முன்னால் ஒரு கண்ணாடி மேசை. அதன் பின்னால் போர்டக்காவின் நாத்தனார் உட்கார்ந்து, பழுதான போன்களை வாங்கிச் சீட்டு எழுதி, உறையில் போட்டு உள்ளே தள்ளுவாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக்ராஸ்கோப்பில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருப்பவர்தான் போர்டக்கா.

திரை மாற்ற, பேட்டரி மாற்ற அந்த வளாகத்தில் பதினைந்து பேர் இருக்கிறார்கள். போனின் போர்டைத் தொட்டு வேலை செய்ய இவர் ஒருவர்தான். மற்றவர்கள் கைவிட்ட போன்களையும் கடைசியில் இவரிடம்தான் கொண்டுவருவார்கள். பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கீழே இருக்கும் காவலாளிக்கே வழி சொல்லத் தெரியாது.

முன்பு ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தார். நகரும் பட்டையில் வருகிற போர்டுகளில் ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ள வேண்டும். அது மூடப்பட்டதும், செத்த போர்டுகளை எடைக்கு வாங்கிவந்து சமையலறை மேசையில் வைத்து நோண்ட ஆரம்பித்தார். சொல்லித்தர ஆள் இல்லை. நூறு போர்டையாவது கருக்கியிருப்பார். எந்தப் போர்டு எதனால் கருகியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தார். அந்த நோட்டுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

இந்த வேலையில் எல்லாமே கை அசையாமல் இருப்பதில் இருக்கிறது. அறுந்துபோன ஒரு தடத்துக்குப் பதிலாக, முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்து ஒட்ட வேண்டும். ஜம்பர் என்பார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது மணலளவு பொருள் பட்டாணியளவு தெரியும், கையின் நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும். அதனால் அக்கா இரண்டு முழங்கைகளையும் மேசை விளிம்பில் அழுத்தி ஊன்றிக்கொள்வார். முக்கியமாக வலது. ஊன்றி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, ட்வீசர் என்கிற மெல்லிய இடுக்கியை இறக்குவார். பன்னிரண்டு வருடமாக ஒரே மேசை, ஒரே விளிம்பு. மர விளிம்பில் அந்த ஓரிடம் மட்டும் பாலிஷ் போட்டது போல வழுவழுப்பாகியிருந்தது.

முழங்கையின் மாற்றத்தை முதலில் பார்த்தது நாத்தனார்தான்.

"அண்ணி, என்ன இது, முழங்கையில எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க?"

அக்கா கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கையின் முனையில் மெத்தென்று ஒரு வீக்கம். விரலால் அமுக்கினால் இந்தப் பக்கம் அமுங்கி அந்தப் பக்கம் புடைத்தது.

"வலிக்கல. விடு."

"வலிக்கலைன்னா? எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்க வேண்டாமா?"

எதிர்க்கடையில் பூட்டுக்குச் சாவி வெட்டுகிற சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். "முட்டை வச்சிருக்கும்மா. இன்னும் மூணு வாரம் அடைகாத்தீங்கன்னா குஞ்சு வந்துரும்."

"வந்தா உங்க கடையிலதான் மேயவிடுவேன்," என்றார் அக்கா, கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்காமல்.

வீட்டில் கணவரும் சொன்னார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமே."

"வலி வரட்டும், போறேன்."

வலி வரவில்லை. ஆனால் மூன்றாவது வாரம் வீக்கம் இடைஞ்சலாகிவிட்டது. ஊன்றினால் முழங்கை ஒரு நீர்ப்பையின் மேல் உட்கார்ந்தது போல மெல்ல இடமும் வலமும் சரிந்தது. இரண்டு ஜம்பர் தவறிப்போயிற்று. அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

மதியம் நாத்தனார் சாப்பிடப் போயிருந்தாள். மேசையின் மேல் எப்போதும் ஒரு சிரிஞ்சு கிடக்கும். மருந்துக் கடையில் வாங்கியதுதான். உள்ளே ஐபிஏ என்று இந்த வேலைக்காரர்கள் சொல்கிற ஸ்பிரிட். ஐசி என்கிற சில்லுக்கு அடியில் தேங்கிய அழுக்கைக் கழுவ அந்த ஊசி முனையால் பீய்ச்சுவார்கள். அக்கா அதை எடுத்துப் பார்த்தார். ஆறு மாதமாக ஸ்பிரிட்டிலேயே ஊறிக் கிடக்கும் ஊசி. இந்தக் கடையில் இதைவிடச் சுத்தமான பொருள் வேறு எது இருக்கிறது?

உள்ளே இருந்ததைப் பீய்ச்சி வெளியே விட்டார். போர்டைத் தேய்த்துக் கழுவுகிற பிரஷ்ஷால் ஊசியை இரண்டு இழுப்பு இழுத்துத் துடைத்தார். முழங்கையை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார். அதில் பொருத்திய கேமரா வழியாகப் பக்கத்துத் திரையில் அவருடைய தோல், வெடித்த குளத்துத் தரை போலத் தெரிந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே இடது கையால் ஊசியை இறக்கினார். சுருக்கென்றது, அவ்வளவுதான். இழுக்க இழுக்கத் தெளிவான மஞ்சள் நீர் சிரிஞ்சில் ஏறியது. முழங்கை தட்டையாயிற்று.

நாத்தனார் திரும்பி வந்ததும் சிரிஞ்சைத் தூக்கிக் காட்டினார். "பாத்தியா? அஞ்சு நிமிஷ வேலை."

நாத்தனார் சிரிஞ்சையும் பார்த்தாள், பிரஷ்ஷையும் பார்த்தாள். "அண்ணி, நீங்க போர்டு இல்ல, மனுஷி."

"ரெண்டுக்கும் தண்ணிதான் பிரச்சனை," என்று சொல்லிவிட்டு அக்கா முழங்கையைப் பழைய இடத்திலேயே ஊன்றி அடுத்த போனை எடுத்தார்.

மூன்றாம் நாள் காலை எழும்போதே முழங்கைக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போல இருந்தது. வீக்கம் திரும்ப வந்திருந்தது, முன்பைவிட இறுக்கமாக. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. ஒரு துணியை மடித்து முழங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். பதினோரு மணிக்கு உடம்பு சிலிர்த்தது. ஈயத்தை உருக்கும் ஹாட் ஏர் ஓடும்போது சின்னச் சின்னப் பொருள்கள் பறந்துவிடும் என்று கடையில் மின்விசிறி போடுவதே இல்லை. அந்தப் புழுக்கத்தில் அவருக்குக் குளிரெடுத்தது.

அப்போது கையில் இருந்தது ஷார்ட்டான ஒரு போர்டு. கரண்ட் எங்கேயோ தப்பான வழியில் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஷார்ட்டான இடம் சூடாகும். போர்டின் மேல் ஸ்பிரிட்டைப் பூசிவிட்டுக் கரண்ட் கொடுத்தால், சூடான இடம் மற்ற இடங்களுக்கு முந்திக் காயும். அக்கா பூசினார். ஒரு மூலையில் கடுகில் கால்வாசி இருக்கும் ஒரு கெப்பாசிட்டரின் தலை முதலில் வறண்டது. அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு பிரஷ் கையில் அப்படியே நின்றது. இரண்டு சட்டைக் கைகளையும் மேலே சுருட்டினார். இடது முழங்கையில் ஒரு சொட்டு, வலது முழங்கையில் ஒரு சொட்டு.

வலது பக்கம் தொட்டு முடிப்பதற்குள் காய்ந்துபோனது. இடது பக்கம் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

தடுப்பின் மேலாக எட்டிப் பார்த்த நாத்தனாருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்து வருடமாக இதே சோதனையைப் பார்க்கிறவள். வலது முழங்கை செக்கச் செவேலென்று பளபளத்ததையும் பார்த்தாள்.

"கஸ்டமர் போர்டு இப்படி இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"கரண்ட்டை நிறுத்துவேன்."

"அப்ப நிறுத்துங்க." அவளே போய் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

மருத்துவமனை அடுத்த தெருவில்தான். டாக்டர் அக்காவின் வயதை ஒத்த பெண். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு முழங்கையைத் தொடாமல் முதலில் வெறுமனே பார்த்தார்.

"எப்படி ஆரம்பிச்சது?"

"தானா வந்துச்சு டாக்டர். நான் ஒண்ணும் பண்ணல."

பக்கத்தில் நின்ற நாத்தனாரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலும் இல்லை, சிரிப்பும் இல்லை.

அந்தக் கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால் ஒரு நாளைக்கு நாலு பேராவது அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். தண்ணி படவே இல்ல. கீழ விழவே இல்ல. தானா ஆஃப் ஆயிடுச்சு. அவர்களுக்கு அக்கா உள்ளே இருந்தபடியே சொல்லும் பதிலும் மாறாது. "தண்ணி பட்டுச்சுன்னு சொன்னீங்கன்னா கழுவிட்டு ஆரம்பிப்பேன். படலன்னு சொன்னீங்கன்னா நாலு நாள் தப்பான இடத்துல தேடுவேன். உங்க போன், உங்க இஷ்டம்."

டாக்டர் விளக்கைத் திருப்பினார். "இந்த ஓட்டை என்ன?"

"கொசு..." என்று ஆரம்பித்த அக்கா நிறுத்திக்கொண்டார். நாத்தனாரைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த நாள்காட்டியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் குத்தினேன் டாக்டர். போர்டு கழுவுற ஊசியால. மூணு நாள் ஆச்சு."

டாக்டர் திட்டுவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் பேனாவை எடுத்தார். என்ன ஊசி, அதில் என்ன இருந்தது, உள்ளே எதையாவது செலுத்தினீர்களா, வந்த நீர் எந்த நிறம், அன்றைக்குச் சிவப்பு இருந்ததா, குளிர் எப்போது வந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சர்க்கரை உண்டா, மூட்டுகளில் உப்புப் படிகிற தொல்லை உண்டா என்றும் கேட்டார். அந்தக் கேள்விகளின் வரிசை அக்காவுக்குப் பிடித்திருந்தது. வேலை தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டார்.

"முழங்கை எலும்புக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு சின்னப் பை இருக்கு. பர்சான்னு பேரு," என்றார் டாக்டர். "உள்பக்கம் ஈரமா இருக்கிற மெல்லிசான பாலிதீன் உறையை நினைச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். அது இருக்கறதாலதான் கையை மடக்கும்போது தோல் எலும்புல உரசாம நகருது. நீங்க பன்னிரண்டு வருஷமா அதை மேசை விளிம்புல வச்சு நசுக்கியிருக்கீங்க. அது தன்னைக் காப்பாத்திக்கத் தண்ணி சேர்த்துக்கிச்சு. முதல்ல இருந்தது வெறும் தண்ணிதான். ஊன்றாம விட்டிருந்தா பெரும்பாலும் தானா வத்தியிருக்கும்."

"அப்ப கிருமி?"

"அது நீங்க கொண்டுபோய் விட்டது."

"ஸ்பிரிட்ல ஊறின ஊசி டாக்டர்."

"ஊசி ஊறுச்சு. பிரஷ்? உங்க தோல்? எல்லார் தோல் மேலயும் கிருமி குடியிருக்கும். வெளியில இருக்கிற வரைக்கும் தொந்தரவு இல்ல. ஊசி முனை அதை அப்படியே உள்ள தள்ளிக்கிட்டுப் போயிருக்கு. உள்ள கதகதப்பு, தண்ணி, வெளியேற வழி இல்ல. வேற என்ன வேணும் அதுக்கு?"

அக்கா சட்டைக் கையை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டார். டாக்டர் தொடர்ந்தார்.

"இப்ப முக்கியமா ஒண்ணு பார்க்கணும். கிருமி இந்தப் பைக்குள்ள மட்டும் இருக்கா, இல்ல மூட்டுக்குள்ளயும் போயிடுச்சான்னு. மூட்டுன்னா விஷயம் வேற. உடனே ஆபரேஷன் வரைக்கும் போகும். அதுக்கப்புறமும் கை முழுசா மடங்காம இறுகிப் போகலாம்."

அக்கா தன் வலது கையைப் பார்த்தார், அது யாரோ கொண்டுவந்து கொடுத்த பொருள் போல. "எனக்குக் கடைன்னா இந்தக் கைதான் டாக்டர்," என்றார் மெதுவாக.

"அதான் பார்க்கறேன். கையை நீட்டுங்க. மெதுவா."

நீட்டினார். வலித்தது, ஆனால் நீண்டது. உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னார், கீழே திருப்பச் சொன்னார். வலியில்லாமல் திரும்பியது. மடக்கச் சொன்னபோது பாதிவரை சும்மா வந்தது, கடைசியில் தோல் இழுபட்டு வலித்தது. முனையைத் தொட்டபோது மட்டும் அக்கா நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டார்.

"மூட்டுக்குள்ள போயிருந்தா இவ்வளவு அசைக்கவே விட்டிருக்காது," என்றார் டாக்டர்.

"அப்ப மெயின் போர்டு இல்ல, சப் போர்டு."

டாக்டர் புரியாமல் நாத்தனாரைப் பார்த்தார். "போன்ல சார்ஜ் ஏறுற இடத்துல தனியா சின்னதா ஒரு போர்டு இருக்கும் மேடம்," என்றாள் அவள். "அது போனா மாத்திக்கலாம். மெயின் போச்சுன்னாதான் கஷ்டம்."

டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, சப் போர்டுதான். ஆனா மெயினுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. ஞாபகம் வச்சுக்கோங்க."

அவர் நீரெடுத்த விதத்தை அக்கா கண் இமைக்காமல் பார்த்தார். டாக்டர் பழுப்பு மருந்தை நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமாகப் பூசினார். மறுபடி பூசினார். பிறகு சும்மா இருந்தார். எதற்கு என்று அக்கா கேட்பதற்குள், "காயணும். காஞ்சாதான் கிருமி சாகும்," என்றார். ஊசியை வீக்கத்தின் முனையில் குத்தவில்லை. பக்கவாட்டில், சிவக்காத தோல் வழியாகச் சாய்த்து நுழைத்தார். முனையில் குத்தினால் ஊன்றும்போதெல்லாம் அந்த ஓட்டை திறந்துகொண்டே இருக்குமாம். இந்த முறை வந்த நீர் சோப்புத் தண்ணீர் போலக் கலங்கி, அடியில் மஞ்சளாகச் சீழ் இறங்கியது. என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும், உப்புப் படிகம் ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்க்கக் குப்பிகள் ஆய்வகத்துக்குப் போயின. அது தெரிய இரண்டு மூன்று நாளாகும். அதுவரை பொதுவாக இந்த மாதிரிக் கிருமிக்குக் கேட்கும் மாத்திரை, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை.

கடைசியில் டாக்டர் பேனாவால் சிவப்பின் எல்லையைச் சுற்றித் தோலில் ஒரு கோடு போட்டார்.

"நாளன்னைக்கு வாங்க. அதுக்கு முன்னாடி சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினாலோ, மறுபடி குளிர் வந்தாலோ, கையை அசைக்கவே முடியாம வலிச்சாலோ அப்பவே வரணும். நேரம் பார்க்காதீங்க. ஊன்றக் கூடாது. ஊசி பக்கம் போகக் கூடாது."

"போக மாட்டேன்."

"நான் பாத்துக்கறேன் மேடம்," என்றாள் நாத்தனார். அன்றே கடையிலிருந்த எல்லாச் சிரிஞ்சுகளையும் ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டி, சாவியைச் சாவிக்காரரிடம் கொடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை அக்கா விழித்ததும் கோட்டைப் பார்த்தார். முன்கைப் பக்கம் சிவப்பு கோட்டை மிதித்து அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. அடிக்கோல் வைத்து அளந்தார். ஆறு மில்லிமீட்டர். அக்குளில் நெறி கட்டியிருந்தது.

ஒரு வாரத்துக்கு முந்தைய அக்காவாக இருந்தால், மாத்திரை சாப்பிட்டு ஒரு நாள்கூட ஆகவில்லையே, சாயங்காலம் வரை பார்ப்போம் என்று கடையைத் திறக்கப் போயிருப்பார். இப்போதும் அந்த எண்ணம் வந்தது. அடிக்கோலை மறுபடி வைத்துப் பார்த்தார். அதே ஆறு.

"வண்டியை எடுங்க," என்றார் கணவரிடம்.

முதல் சுற்றுக்குப் பிள்ளைகளை ஏற்றப் போவதற்கு முன் அவர் வேனை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். அக்கா சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டை இருக்கையில் முழங்காலை மடக்கி, கையை ஒரு தலையணை மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இந்த வண்டியில அழாம ஏறின முதல் ஆள் நீதான்," என்றார் கணவர் கண்ணாடியில் பார்த்து.

"ஓட்டற வேலையைப் பாருங்க."

டாக்டர் கோட்டைப் பார்த்தார். கையை மறுபடி நீட்டி மடக்கித் திருப்பிப் பார்த்தார். மூட்டு இன்னும் தப்பித்திருந்தது. பையில் திரும்பவும் சேர்ந்திருந்ததை எடுத்தார். ஆய்வகத்துக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"மாத்திரை போதாது. மூணு நாள் காலையும் சாயங்காலமும் வந்து நரம்புல ஊசி போட்டுக்கணும். மருந்தையும் மாத்தறேன். இதுக்கும் அடங்கலைன்னா ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்ப் பையைத் திறந்து கழுவ வேண்டியிருக்கும். முழங்கை முனையில தோல் மெல்லிசு. தைச்ச இடம் ஆற வாரக்கணக்குல ஆகும்."

"மூணு நாள்ல அடங்குமா?"

"அடங்கணும். நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க, அதுவே பாதி."

அந்த மூன்று நாளும் அக்கா கடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பழைய நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, கட்டம் போட்டார். நேரம், காய்ச்சல், வீக்கத்தின் சுற்றளவு, சிவப்பு கோட்டிலிருந்து எவ்வளவு. ஊசிக்குப் போகும்போது நோட்டை எடுத்துப் போனார். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "எங்க சார்ட்டைவிடச் சுத்தமா இருக்கே," என்றாள். இரண்டாம் நாள் மாலை காய்ச்சல் வரவில்லை. மூன்றாம் நாள் காலை சிவப்பு கோட்டுக்கு உள்ளே ஒதுங்கியிருந்தது. அக்கா வேறு மையில் புதிய எல்லையை வரைந்தார். அடுத்த நாள் அதற்கும் உள்ளே ஒன்று.

"ஏதோ குளம் வத்தற மாதிரி இருக்கு," என்றாள் நாத்தனார்.

"வத்தட்டும்."

ஆய்வக முடிவும் வந்தது. தோலில் குடியிருக்கும் கிருமிதான். முதல் மாத்திரைக்கு அது அடங்காத வகை, மாற்றிக் கொடுத்த மருந்துக்கு அடங்கும் வகை. உப்புப் படிகம் இல்லை, சர்க்கரையும் இல்லை. மிச்ச நாளுக்கு மாத்திரை.

எட்டாம் நாள் சிவப்பு சுத்தமாகப் போய்விட்டது. மாத்திரை அட்டையில் இன்னும் ஆறு நாளுக்கு இருந்தது. அவை வயிற்றைப் புரட்டின, வாயில் இரும்புச் சுவை. பார்க்க வந்த சாவிக்காரர் சொன்னார்: "எனக்கெல்லாம் ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுச்சுன்னா மிச்சத்தைத் தூக்கிப் போட்டுருவேன்."

"அதான் உங்க சாவி முதல் தடவை திறக்குது, ரெண்டாவது தடவை பூட்டுலயே மாட்டிக்குது," என்றார் அக்கா. மாத்திரையை அவர் கண் முன்னாலேயே போட்டுக்கொண்டார்.

பதினான்கு நாள் முடிந்தது. முழங்கையின் மேல் மெத்தை வைத்த கட்டு. இப்போது வேறொரு கஷ்டம் ஆரம்பித்தது.

கடைக்குப் போய், செத்த போர்டு ஒன்றை எடுத்து வைத்து, முழங்கையை ஊன்றாமல் ட்வீசரைப் பிடித்தார். திரையில் ட்வீசரின் முனை கொதிக்கிற தண்ணீரில் விழுந்த குச்சி போல ஆடியது. மூச்சை நிறுத்திப் பார்த்தார். இன்னும் அதிகமாக ஆடியது. நாத்தனார் தடுப்பின் மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை பிழைத்துவிட்டது, ஆனால் அந்தக் கையின் வேலை பிழைக்குமா என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

அக்கா ட்வீசரைக் கீழே வைத்தார். அன்று முழுக்க வேலை செய்யவில்லை, தன் கையைப் படித்தார். முழங்கையைத் தூக்கிவிட்டு மணிக்கட்டை மட்டும் வைத்துப் பார்த்தார். முன்கையின் பாதியை வைத்துப் பார்த்தார். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை விளிம்பைப் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் அணைத்தபோது ஆட்டம் பாதியாகக் குறைந்தது. முன்கையின் சதைப் பகுதி முழுக்கப் படிந்தபோது இன்னும் குறைந்தது. கையை அசையாமல் பிடித்திருந்தது முழங்கை என்று இத்தனை வருடம் நினைத்தது தப்பு. முழங்கை பாரத்தைத்தான் வாங்கியிருக்கிறது.

சாவிக்காரரைக் கூப்பிட்டார். "முக்கால் அங்குலப் பலகை வேணும். முன்கை நீளம். முழங்கை வர்ற இடத்துல குதிரை லாடம் மாதிரி வெட்டி எடுத்துடணும். முனை எதுலயும் படாம அந்தரத்துல நிக்கணும்."

"உட்கார்ற இடத்துல ஓட்டை போட்ட நாற்காலி கேட்ட மாதிரி இருக்கு."

"ரெண்டு வேணும். இடது கைக்கும்."

அவர் வெட்டிக் கொடுத்தார், முதல் முறை ஒரு விரல் அகலம் குறைவாக. அக்கா திருப்பிக் கொடுத்தார். இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவது பலகைக்குப் போன் பெட்டிகளில் வரும் பஞ்சுத் தகட்டை ஒட்டி, மேசையில் திருகி முடுக்கினார். பலகை ஏறிய அளவுக்கு நாற்காலியையும் மைக்ராஸ்கோப்பையும் உயர்த்தினார். பழைய வழுவழுப்பான விளிம்பு பலகைக்கு அடியில் மறைந்துபோயிற்று.

பிறகு பழகினார். வாடிக்கையாளர் போனைத் தொடவில்லை. செத்த போர்டுகளில் ஒரு நாளைக்கு முப்பது ஜம்பர். முதல் நாள் நான்கு உருப்படியாக வந்தன. நோட்டில் நான்கு என்று எழுதினார். மறுநாள் ஏழு. அதற்கடுத்த நாள் ஐந்து. ஐந்து என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பழக்கம் விடவில்லை. மும்முரமாகிவிட்டால் முழங்கை தானாகப் பின்னால் நழுவி மேசையைத் தேடும். அப்போதெல்லாம் நாத்தனார் பென்சிலால் தடுப்பைத் தட்டுவாள்.

"அண்ணி, விளிம்பு."

"தெரியும்."

"தெரிஞ்சா எடுங்க."

மூன்றாவது வாரம் முப்பதில் இருபத்தாறு வந்தது. அதே வாரம் டாக்டர் முழங்கையை அமுக்கிப் பார்த்தார். தட்டையாக இருந்தது. தோல் மட்டும் கொஞ்சம் தடித்து, பழைய பணப்பை போலச் சுருங்கியிருந்தது.

"இனிமே வராதுல்ல?" என்று கேட்டாள் நாத்தனார்.

"ஊன்றினா வரும். ஊன்றாம இருந்தா வராதுன்னு நம்பலாம்," என்றார் டாக்டர். அக்காவிடம், "வீங்கினா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"அன்னைக்கே வருவேன். வந்து உண்மையைச் சொல்லுவேன்."

முப்பதில் முப்பது வந்த மறுநாள்தான் அக்கா முதல் உறையைப் பிரித்தார். கடை மூடியிருந்த நாள்களில் மூன்று இடங்களுக்குப் போய்த் திரும்பி, மறுபடி இங்கேயே வந்து சேர்ந்த போன். நாத்தனார் சீட்டில் வாடிக்கையாளர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: தண்ணீர் படவே இல்லை. கழற்றியதும் மூலையில் தண்ணீர் பட்ட செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. கழுவினார். ஒரு தடம் நடுவில் அரித்துப்போயிருந்தது. நீளமான ஜம்பர், இரண்டு ஐசிகளுக்கு நடுவில் வளைந்து போக வேண்டும்.

முன்கைகளைப் பலகையில் படியவைத்தார். இரண்டு முழங்கைகளும் வெட்டப்பட்ட வளைவுகளில் எதன் மேலும் படாமல் தொங்கின. உள்ளங்கை விளிம்பைக் கட்டையில் அணைத்தார். கம்பியின் ஒரு முனை பிடித்தது. வளைத்தார். மறு முனையில் ஈயம் ஒரு நொடி மினுங்கி, படிந்து, மங்கியது. திரையில் ட்வீசரின் நிழல் அசையவில்லை.

போன் உயிர் பெற்றதும் நாத்தனார் கையை நீட்டினாள். "கொடுங்க, அவங்க கீழேயே காத்திருக்காங்க."

"ஒரு மணி நேரம் ஓடட்டும். ஆன் ஆனா மட்டும் போதாது."

அந்த ஒரு மணி நேரத்தில் அக்கா ஸ்பிரிட் புட்டியைத் திறந்தார். சட்டைக் கைகளைச் சுருட்டி, இடது முழங்கையில் ஒரு சொட்டு, வலது முழங்கையில் ஒரு சொட்டு வைத்து, விளக்கைத் திருப்பிப் பார்த்தார். தடுப்பின் மேலாக நாத்தனாரும் பார்த்தாள்.

இரண்டும் ஒரே நேரத்தில் காய்ந்தன. அக்கா புட்டியை மூடிவிட்டு, விளக்கைப் போர்டின் மேல் திருப்பினார்.